பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற தவறுகள்

பிடித்த நாவல் எது என்று யாராவது கேட்டால் நமக்குள் ஒரு சின்னத் திருட்டுத்தனம் நடக்கும். நிஜமாகவே மூன்று முறை படித்த புத்தகம் ஒன்று இருக்கும், வாயில் வருவது வேறு ஒன்றாக இருக்கும். கனமானது, பேரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கக்கூடியது. நானும் பல வருஷம் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதில் பாதியைக்கூடத் தாண்டாத காலத்திலேயே. "அதில் எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். நிஜமாகப் பிடித்த புத்தகம் என்றால் அந்த இடம் தேடாமலே நினைவுக்கு வரும். அது துப்பறியும் கதையாக இருந்தால்தான் என்ன, அதையே சொல்லுங்கள். கேட்கிறவருக்கும் உங்கள் ரசனை எப்படிப்பட்டது என்று தெரியும், அவருக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது கதைச்சுருக்கம். பிடித்த நாவலைப் பற்றிப் பேசு என்றால் பாதிப் பேர் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள், நிறுத்தவும் தெரிவதில்லை. கதை என்னவென்று பின்னட்டையிலேயே போட்டிருக்கும். உங்களிடமிருந்து தெரிய வேண்டியது வேறு: எத்தனையாவது பக்கத்தில் உள்ளே இழுத்தது, எங்கே சலித்தது, எந்தப் பாத்திரத்தின் மேல் கோபம் வந்தது.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன். தொடர்கதையாக வந்த நாவலை, ஒரே மூச்சில் படிக்க எழுதப்பட்டது போல எடுத்துக்கொண்டு குறை சொல்வது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. இன்று ஐந்து பாகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாளில் முடிக்கிறவருக்கு, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு விழுவதும், போன கதையை ஆசிரியர் மறுபடி நினைவூட்டுவதும் அலுப்பாக இருக்கலாம். ஆனால் அந்த நினைவூட்டல் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காக எழுதப்பட்டது, நடுவில் அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' கூட 1866இல் ஒரு பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்ததுதான். இப்படிப்பட்ட நாவல்களை நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று படித்துப் பாருங்கள், வேகம் சரியாக வரும். அப்புறமும் இழுவையாகத் தெரிந்தால் இழுவை என்று தாராளமாகச் சொல்லலாம், அப்போது அந்தக் கருத்துக்கு ஒரு நியாயம் இருக்கும்.

ரஷ்ய நாவல்களைப் பற்றிய வழக்கமான புலம்பல், "பேர் குழப்புகிறது" என்பது. அது ஆசிரியரின் தவறு இல்லை. அங்கே ஒரு ஆளுக்குச் சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப் பெயர் என்று எல்லாம் உண்டு. 'குற்றமும் தண்டனையும்' நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரோமானோவிச், ரோத்யா மூன்றும் ஒரே ஆள்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துக்கொண்டால் நூறு பக்கத்துக்குள் பழகிவிடும். மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான்: "இந்த எழுத்தாளர் நடை வறட்சியாக இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்கிற பலர், படித்த வரிகள் யாருடையவை என்று முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பேரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வறண்டது யார் என்று தெரிய, அதே நாவலுக்கு வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு கிடைத்தால் இரண்டு பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

கதைசொல்லி பேசுவதையெல்லாம் ஆசிரியர் கணக்கில் எழுதுவது இன்னொன்று. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. ஜே.ஜே. இறந்தது 1960 ஜனவரி 5, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள் என்று நாவல் தொடங்கும். காம்யு மரணம் நிஜம், ஜே.ஜே. என்கிற மலையாள எழுத்தாளர் கற்பனை. அவரைப் பற்றிச் சொல்கிற பாலுவும் ஒரு பாத்திரம்தான். அதில் வருகிற காட்டமான ஒவ்வொரு வரியையும் உருவி எடுத்து, "சு.ரா. இப்படிச் சொன்னார்" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்கு அந்தக் கருத்து இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பாத்திரம் பேசியதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

படிக்க ஆரம்பித்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பெனாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார், அதில் பக்கங்களைத் தாவும் உரிமையும் உண்டு, பாதியில் நிறுத்தும் உரிமையும் உண்டு. ஆனால் பாதியில் வைத்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது பாதியில் வைத்தேன் என்று சொல்லிவிட வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. எனக்குச் சலித்தது என்பதும் புத்தகம் மோசம் என்பதும் ஒன்றல்லவே. அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் திமிங்கல வேட்டை நாவலான 'மோபி டிக்' 1851இல் வந்தபோது சரியாக விலைபோகவில்லை. அவர் 1891இல் இறந்து முப்பது வருஷம் கழித்துத்தான் அதற்குப் பெரிய பேர் வந்தது. ஆரம்பத்தில் அதைத் தூக்கிப் போட்டவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை, அந்தத் திமிங்கல அத்தியாயங்களை நானே தாவித் தாவித்தான் படித்தேன்.

சிபாரிசு செய்வதில் நான் செய்த தவறு ஒன்று. வாசிப்பே பழக்கமில்லாத நண்பர் ஒருவர் "எதாவது நல்ல புத்தகம் கொடு" என்றார். எனக்குப் பிடித்ததிலேயே பெரியதாக, எண்ணூறு பக்க நாவலைத் தூக்கிக் கொடுத்தேன், அதோடு வாரம் ஒருமுறை "எதுவரை வந்தீர்கள்?" என்று விசாரணை வேறு. மூன்று மாதம் மனிதர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பினார். அவர் கேட்டது அவருக்கு ஒரு புத்தகம், நான் கொடுத்தது எனக்கு ஒரு புத்தகம். அவர் விரும்பிப் பார்க்கும் சினிமா எது என்றாவது முதலில் கேட்டிருக்கலாம்.

படித்து முடித்த அன்று ராத்திரியே ஐந்து நட்சத்திரம் கொடுப்பதும் வேண்டாம், ஒரு வாரம் ஊறட்டும். பத்து வருஷம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது கதாநாயகன் வெறும் புலம்பல் பேர்வழியாகத் தெரிந்தால், பழைய அபிப்பிராயத்தை அவசரமாக அழிக்கவும் வேண்டாம், பதினேழு வயதில் அவன் எனக்கு உயிராக இருந்ததும் நடந்த விஷயம்தானே.

சரி, 'போரும் அமைதியும்' நாவலை ஒருவழியாகப் போன வருஷம் முடித்துவிட்டேன். கடைசியில் வரலாறு எப்படி நடக்கிறது என்று டால்ஸ்டாய் வாதாடும் பகுதியை மட்டும் பாதி தாவினேன். இப்போது எந்த இடம் பிடிக்கும் என்று யார் கேட்டாலும் சொல்வேன், யாரும் கேட்பதாகத்தான் இல்லை.