ஆர்பிடி, கலை, உடற்கல்வி: இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகிறது என்றால், வீட்டில் முதல் வேலை டியூஷனுக்கு இடம் பிடிப்பது. கணிதம், அறிவியல், மலாய் எல்லாவற்றுக்கும் பயிற்சி நூல் வந்துவிடும். ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்), காட்சிக்கலை, உடற்கல்வி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கோலாலம்பூரில் செந்தூல் பக்கமோ பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் சந்திப்பு நாளுக்குப் போய்ப் பாருங்கள். கணித ஆசிரியர் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். பட்டறை ஆசிரியர் சும்மா உட்கார்ந்திருப்பார். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தவறு, பிள்ளையின் செய்முறை வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளை மெதுவாக ஆரம்பிக்கும்: “பா, நாளைக்கு ஆர்பிடி புரோஜெக் அனுப்பணும்.” மிஸ்டர் டிஐஒய் கடை மூடுவதற்குள் அப்பா காரை எடுத்துக்கொண்டு ஓடுவார். பலகை, பசை, வார்னிஷ். நள்ளிரவுக்குள் பளபளவென்று ஒரு பென்சில் தாங்கி தயார். சரி, அதற்கு என்ன கிடைக்கும்? படிவம் மூன்றில் எழுதிவந்த பிடி3 தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. கீழ்ப்படிவங்களில் ஆசிரியர் வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கிறார். அவர் பார்ப்பது பொருளின் பளபளப்பை அல்ல. என்ன சிக்கலைத் தீர்க்க இதைச் செய்தாய், ஏன் இந்தப் பலகை, சோதித்தபோது எது சரியாக நிற்கவில்லை, அதை எப்படி மாற்றினாய் என்று கேட்பார். அப்பா செய்த தாங்கியோடு வந்த பிள்ளை அந்தக் கேள்விகளுக்கு முழிக்கும். கோணலாக இருந்தாலும் தானே அறுத்து ஒட்டிய பிள்ளை மடமடவென்று சொல்லிவிடும்.

இதே காரணத்தால், செய்முறை வேலையின் பதிவேடான ஃபோலியோவைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதுவதும் வீண். முதல் கிறுக்கல், அடித்துத் திருத்திய அளவு, உடைந்துபோன முதல் மாதிரியின் படம், இவைதான் ஃபோலியோவின் உயிர். பலர் அந்தக் கிறுக்கலைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேலை முடிந்த பிறகு அழகாக வேறொன்றை வரைந்து “முதல் லக்காரான்” (வரைவு) என்று ஒட்டுகிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியருக்கு இது ஒரு பார்வையில் தெரியும். வரைபடத்திலும் வழக்கமான தவறுகள் உண்டு. பொருளை முப்பரிமாணமாகக் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்தில் பக்கவாட்டுக் கோடுகள் கிடைக்கோட்டிலிருந்து 30 பாகையில் எழ வேண்டும். முன்பக்கத்தை நேராகக் காட்டும் ஓப்லிக் படத்தின் 45 பாகையை இதில் கொண்டுவந்து போடுவார்கள். அளவு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். மனத்தில் சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு வெறும் 5 என்று எழுதினால், படத்தில் உள்ள மேசைக்கால் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது.

பட்டறைக்குள் நடக்கும் தவறுகள் வேறு வகை, விரலுக்கே ஆபத்து. ஆசிரியர் மலாயில் சொல்லும் பாதுகாப்பு விதி முழுதாகப் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவது முதல் தவறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் கூச்சத்தால் இப்படிச் செய்வார்கள். “சிக்கூ, இன்னொரு முறை காட்டுங்கள்” என்று கேட்டால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ரம்பம். வளைவு அறுக்கும் மெல்லிய ரம்பத்தில் பிளேடின் பற்கள் பொதுவாகக் கைப்பிடியைப் பார்த்து இருக்கும். இழுக்கும்போதுதான் வெட்டும். இரும்பறுக்கும் ரம்பத்தில் பற்கள் முன்னோக்கி இருக்கும், தள்ளும்போது வெட்டும். இது தெரியாமல் மெல்லிய பிளேடைத் தள்ளு தள்ளென்று தள்ளி உடைப்பவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். பலகையை மேசையோடு இறுக்காமல், இடது கையால் பிடித்துக்கொண்டு அறுப்பது இன்னும் மோசம். பலகை ஆடினால் கோடும் கோணும், கையும் கிழியும்.

மின்னணுப் பகுதிக்கு வந்தால் சோல்டரிங், அதாவது சூடான இரும்பால் ஈயத்தை உருக்கி இணைப்பது. பிள்ளைகள் ஈயக்கம்பியை இரும்பின் நுனியில் வைத்து உருக்கி, சொட்டாக இணைப்பின் மேல் விடுவார்கள். வெளியே பார்த்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும், பல்பு மட்டும் எரியாது. சூடாக வேண்டியது இணைப்புதான். இரும்பின் நுனியைக் கம்பியின் காலும் செம்புத் தடமும் சேரும் இடத்தில் ஓரிரு நொடி வைத்து, ஈயத்தை அந்த இடத்தில் தொட்டால் தானாக ஓடிப் பரவும். பளிச்சென்று சரிவாக நின்றால் நல்ல இணைப்பு, மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி சூடாக்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், புகைக்கு நேராகக் குனிய வேண்டாம். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பதும் கூடாது.

காட்சிக்கலையில் எனக்குப் பிடிக்காத பழக்கம், இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே பிரதியெடுப்பது. படம் அழகாக வரும், கை ஒன்றும் கற்றிருக்காது. வீட்டு வாசல் கோலம், கோயில் கோபுரத்து யாளி, தைப்பூசக் காவடியில் செருகிய மயிலிறகு என்று பக்கத்திலேயே எத்தனையோ வடிவங்கள் இருக்கும்போது எதற்கு ஜப்பானிய கார்ட்டூன் கண்? கோலாலம்பூர் ஜாலான் தெமெர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு விடுமுறையில் கூட்டிப்போனால், உள்ளூர் ஓவியர்கள் இதே விஷயங்களை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பிள்ளையே நேரில் பார்க்கலாம்.

துணியில் மெழுகால் கோடு போட்டுச் சாயம் தீட்டும் பாத்தேக் வகுப்பில் அவசரம்தான் எதிரி. கோடு போடும் கருவியான சந்திங்கில் உள்ள மெழுகு போதிய சூடில்லாவிட்டால் துணியின் மேலேயே உறைந்துவிடும், அடியில் சாயம் புகுந்து பூவின் நிறம் இலைக்கு ஓடும். மிகச் சூடாக இருந்தாலோ கோடு பரந்து தடித்துப்போகும். கோடு போட்டதும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் கோடு தெரிந்தால்தான் மெழுகு இறங்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் சாயத்தைத் தொட்டுவிட்டு, அப்புறம் “சாயம் சரியில்லை” என்பார்கள்.

இசை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் முழுக்கக் கருவியைத் தொடாமல் மதிப்பீட்டன்று மட்டும் ஊதிப் பார்ப்பதை விட்டால் பாதி சரியாகிவிடும்.

உடற்கல்விக்கு வருவோம். “எஸ்பிஎம் (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) வருடம், திடலில் வெயிலில் எதற்கு, அந்த நேரத்தில் கணக்குப் போடட்டும்” என்று பெற்றோரே சொல்கிறார்கள். ஆனால் அரசுப் பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு என்றால், மீதி 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. விளையாட்டு, கழகம், சீருடை இயக்கம் எல்லாம் அந்தப் பத்தில்தான் அடக்கம். படிவம் ஐந்தில் விழித்துக்கொண்டு பொறுப்பும் சான்றிதழும் தேடினால் கிடைக்காது.

செகாக் உடற்தகுதிச் சோதனையிலும் தவறான கணக்கு ஒன்று உண்டு. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்கிய பிறகு நாடித்துடிப்பை எண்ணுவார்கள், அது குறைவாக இருப்பதே நல்லது. இது தெரியாமல் சோதனைக்கு ஒலிக்கும் தாளத்தை விட வேகமாக ஏறி இறங்கி, துடிப்பைத் தாமே கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. உட்கார்ந்து கையை நீட்டும் சோதனையில் முழங்காலை மடக்குவது, வெடுக்கென்று முன்னால் பாய்வது இரண்டும் கூடாது, பின்தொடை பிடித்துக்கொள்ளும்.

வெயிலையும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் வெப்பம் 35 பாகையைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. காலைப் பசியாறாமல், பள்ளிக்குப் போடும் தேய்ந்த காலணியோடு, தண்ணீர்ப் புட்டி இல்லாமல் திடலுக்கு வரும் பிள்ளைதான் முதலில் தலைசுற்றி உட்காரும். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் வாட்ஸாப்பில் ஒரு வரி போதாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே மருத்துவர் கடிதத்தின் பிரதியை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். இன்ஹேலர் மூன்றாவது மாடி வகுப்பறைப் பையில் இருந்து பயனில்லை, திடலுக்குப் பிள்ளையோடு இறங்கி வர வேண்டும்.