வள்ளி கதைய நிழல் பொம்மையில வீடியோவா எடுக்கலாம் வாங்க

பினாங்குல இருக்குறவங்களுக்கு பொம்மைக்கூத்து புதுசு இல்ல, சீன கோயில் திருவிழாவுல போத்தேஹிங்கிற கையுறை பொம்மையாட்டம் பார்த்திருப்பீங்க, கிளந்தான் வாயாங் கூலிட்ங்கிற நிழல் பொம்மையாட்டத்துல நம்ம ராமாயணக் கதையே ஓடும். நீங்க வள்ளி கதைய எடுங்க, நிழலுக்குன்னே செஞ்ச கதை அது.

வெள்ளை காட்டன் துணிய கதவு நிலையில சுருக்கமில்லாம இழுத்துக் கட்டுங்க. மணிலா கார்ட்ல பொம்மை வெட்டி சாத்தே குச்சி ஒட்டுங்க, முகம் பக்கவாட்டுல இருக்கணும், நேர்முகம்னா வெறும் வட்டமாத்தான் தெரியும். நகை இருக்குற இடத்துல ஓட்டை போட்டு கலர் செலோஃபேன் ஒட்டினா கலர் அப்படியே துணியில விழும், அவ்ளோ அழகு!

டியூப் லைட் வேணவே வேணாம், நிழல் கலங்கிடும். சின்னதா ஒரே ஒரு எல்இடி போதும், அத துணிக்குப் பின்னாடி வைங்க. பொம்மை துணிய ஒட்டி இருந்தா கோடு கூர்மை, லைட்டுகிட்ட போகப் போக நிழல் பெருசாகி மங்கும். பிள்ளையார் யானையா வந்து வள்ளிய பயமுறுத்துறாரே, அங்க யானைய லைட்டுகிட்ட வச்சு ஆரம்பிங்க, திரை முழுக்க இருட்டா நிக்கும், அப்புறம் மெதுவா துணிப் பக்கம் கொண்டு வந்தா தும்பிக்கை, தந்தம்னு ஒவ்வொண்ணா தெளியும். வள்ளி மட்டும் துணிய விட்டு நகரவே கூடாது. கிழவர் முருகனா மாறுறதும் இதே மாதிரிதான், கிழவர பின்னால இழுத்து மங்க விட்டு முருகன துணியில வைங்க, எடிட்டிங் தேவையில்ல.

ஃபோன ஸ்டாண்ட்ல துணிக்கு முன்பக்கம் வச்சு, வெளிச்ச அளவு தானா மாறாம எக்ஸ்போஷர் லாக் பண்ணிடுங்க. மலேசியால கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடின்னு வச்சா லைட் துடிக்காது. ஃபேன மறக்காம ஆஃப் பண்ணுங்க, துணி ஆடும். கதை சொல்ற குரல முதல்லயே ரெக்கார்ட் பண்ணிட்டு அதுக்கு ஏத்தாப்ல பொம்மைய ஆட்டுங்க.