கொள்குறி வினாக்கள்: ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரப்பட்ட நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கொள்குறி வினாத்தாளைத் திருத்துவது எளிது, தயாரிப்பதுதான் கடினம். வினாவையும் சரியான விடையையும் கவனமாக எழுதி முடித்தபின், எஞ்சியிருக்கும் மூன்று இடங்களை மனத்தில் தோன்றியதைக் கொண்டு நிரப்பிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வகுப்புத் தேர்வுகளில் தென்படும் குறைகளில் பெரும்பகுதி அந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது.

1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு, 5/6, 0, 25, 100 என்று நான்கு விடைகளைத் தருவதாக வைத்துக்கொள்வோம். பின்னங்களைக் கூட்டவே தெரியாத மாணவர்கூட 5/6-ஐத் தேர்ந்தெடுத்துவிடுவார். மாறாக, தவறான விடைகளாக 2/5, 2/6, 1/6 ஆகியவற்றைத் தந்தால் நிலைமை மாறுகிறது. தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டுபவர் 2/5 என்பார். பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டுத் தொகுதிகளை மாற்ற மறப்பவர் 2/6 என்பார். கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொள்பவர் 1/6 என்பார். இம்மூன்றும் 1/2-ஐவிடச் சிறியவை என்பதைக் கண்டு ஒரு மாணவர் அவற்றை ஒதுக்கினால் அதுவும் பின்னங்களைப் பற்றிய அறிவே. அதற்கு மதிப்பெண் கிடைப்பதில் பிழையில்லை. வகுப்பில் மாணவர்கள் உண்மையாகவே செய்யும் பிழைகளை அவர்களுடைய பழைய விடைத்தாள்களிலிருந்து எடுத்துத் தவறான விடைகளாக வைத்தால், யாருக்கு எதை மறுபடி கற்பிக்க வேண்டும் என்பதும் தேர்வு முடிந்தவுடன் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட தவறான விடைகள் இரண்டுதான் கிடைக்கின்றன என்றால், நான்காவது ஒன்றை வலிந்து சேர்க்க வேண்டியதில்லை. இத்துறையில் 80 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ராட்ரிகஸ், மூன்று தெரிவுகளே உகந்தவை என்று 2005-இல் எழுதினார். குருட்டாம்போக்கில் விடையளித்து மதிப்பெண் பெறும் வாய்ப்பு கூடிவிடுமே என்ற கவலை இயல்பானது. 20 வினாக்களில் நான்கு தெரிவுகள் இருந்தால் சராசரியாக 5 சரியாகும், மூன்று இருந்தால் ஏறக்குறைய 7 சரியாகும். ஆனால் யாருமே தொடாத நான்காவது தெரிவு இந்தக் கணக்கைக் குறைப்பதில்லை. தாளில் இடத்தையும் மாணவரின் நேரத்தையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

நம்மை அறியாமல் நாமே விடையைக் காட்டிக்கொடுப்பது அடுத்த தவறு. சரியான விடையில் ஐயத்துக்கு இடமிருக்கக்கூடாது என்று விளக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போவதால் அது மற்றவற்றைவிட நீண்டுவிடும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்கள் தவறான விடைகளில்தான் அதிகம் வரும் என்பதையும் மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஒருமை, பன்மையும் காட்டிக்கொடுக்கும். “இரத்தத்திலிருந்து யூரியாவைப் பிரித்து வெளியேற்றும் உறுப்புகள் எவை?” என்று கேட்டு, இதயம், மூளை, இரைப்பை, சிறுநீரகங்கள் என்று விடைகளைத் தந்தால், உடலியல் தெரியாதவருக்கும் இலக்கணமே வழிகாட்டிவிடும். “உறுப்பு எது?” என்றும் “சிறுநீரகம்” என்றும் மாற்றினால் போதும்.

வினாப்பகுதியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் படித்துப் பாருங்கள்; பாடம் தெரிந்தவரால் அப்போதே விடை சொல்ல முடிய வேண்டும். “தாவரங்கள் பற்றிச் சரியானது எது?” என்பது இந்தச் சோதனையில் தோற்றுவிடும், ஏனெனில் அது ஒரு வினாவாக இல்லாமல் தொடர்பற்ற நான்கு சரியா தவறா கூற்றுகளாகவே இருக்கிறது. ‘அல்லாதது எது’ என்ற எதிர்மறை வினாக்களை இயன்றவரை தவிர்க்கலாம்; தவிர்க்க முடியாதபோது அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் இடுவது அவசியம். விடைகளிலும் எதிர்மறை வந்துவிட்டால், பாடத்தை அறிந்தவரும் வாக்கியத்தில் சிக்கித் தவறவிடுவார்.

‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற தெரிவை நான் விட்டுவிடவே சொல்வேன். இரண்டு விடைகள் சரி என்று தெரிந்தாலே அதைத் தேர்ந்தெடுத்துவிடலாம், ஒன்று தவறு என்று தெரிந்தாலே அதை நீக்கிவிடலாம்.

நன்கு படித்தவரைத் தண்டிக்கும் வினாக்கள்தான் என்னை மிகவும் வருத்துகின்றன. “நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும்?” என்று கேட்டு, 100 டிகிரி செல்சியஸ் என்பதையும் ‘இடத்தைப் பொறுத்து மாறும்’ என்பதையும் அருகருகே வைத்தால், காற்றழுத்தம் குறையும்போது கொதிநிலையும் குறையும் என்பதை அறிந்த மாணவரே மதிப்பெண்ணை இழக்கிறார். ‘கடல் மட்டத்தில்’ என்ற சொற்களை வினாவில் சேர்த்து, அந்த இரண்டாவது தெரிவை நீக்கியிருந்தால் இந்த அநீதி நேர்ந்திருக்காது. இத்தகைய குறைகள் எழுதியவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஆகவே தாளை அச்சிடுவதற்கு முன், விடைக்குறிப்பைக் காட்டாமல் சக ஆசிரியர் ஒருவரை விடையளிக்கச் சொல்ல வேண்டும்.

பாடநூல் வரியை அப்படியே எடுத்துக் கோடிட்ட இடமாக்கினால் நினைவாற்றல் மட்டுமே சோதிக்கப்படும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்ற செய்தியைத் தந்து, “சூரியன் அருகில் இருப்பதால்தான் வடகோளத்தில் கோடை வருகிறது என்ற கருத்தைப் பற்றி இச்செய்தி என்ன காட்டுகிறது?” என்று கேட்டால், மாணவர் யோசித்தே ஆக வேண்டும்.

தேர்வு முடிந்தபின் ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒருவரும் தொடாத தெரிவை அடுத்த முறை மாற்றிவிடலாம். அதிக மதிப்பெண் பெற்றவர்கள் பலர் ஒரே தவறான விடையைக் குறித்திருந்தால், முதலில் விடைக்குறிப்பையும் அடுத்து வினாவின் சொற்களையும் சரிபார்க்க வேண்டும். பிழை நம்முடையது எனில், விடைத்தாள்களைத் திருப்பித் தருவதற்கு முன்பே மதிப்பெண்களைத் திருத்திவிட வேண்டும்.