பித்தளையைச் சுரண்டிப் பாருங்கள்

படகின் அடியில் துளை போட்டுப் பொருத்திய பித்தளைக் குழாய் இணைப்பைப் பேனாக்கத்தி நுனியால் ஒரு இடத்தில் பாசி போகச் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சளாக மின்னினால் சரி. செப்புக்குடம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் அதை உடனே கழற்ற வேண்டியதுதான்.

சாதாரணப் பித்தளையில் 35 முதல் 40 வீதம் வரை துத்தநாகம். உப்புத்தண்ணீர் அதை மட்டும் கரைத்து எடுத்துவிட, மிச்சம் நிற்பது கடற்பஞ்சு போன்ற செம்புதான். வடிவம் மாறாது, ஆனால் வால்வைக் கொஞ்சம் இறுக்கித் திருப்பினாலே கையோடு முறிந்து வரும். அப்புறம் அந்த ஓட்டையால் கடல் உள்ளே வரும். ஹாட்வெயாரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுத் தண்ணீர்க்குழாய்ச் சாமான், கடலுக்கு உதவாது. மாற்றும்போது வெண்கலம் அல்லது கண்ணாடியிழை கலந்த நைலோன் வாங்குங்கள். 'மாங்கனீஸ் வெண்கலம்' என்றால் ஏமாற வேண்டாம், பெயர்தான் வெண்கலம், உள்ளே பித்தளைக்குரிய அளவு துத்தநாகம்.

முல்லைத்தீவுக் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இது பொருந்தும். இரணைமடு போன்ற நன்னீர்க் குளத்தில் ஓடும் வள்ளத்துக்கு நல்ல பித்தளையே கனகாலம் போதும். துருப்பிடிக்காத எஃகுக்கு இந்தச் சோதனை சரிவராது. அது காற்றுப்படாத இடுக்குகளில் குழிகுழியாக அரிக்கும், மேலே சுரண்டினால் தெரியாது.