பெஞ்சில் ஒழுகாத சேஃப்டி வால்வு பாய்லரில் ஒழுகியது ஏன்?

அழுத்தம் மீறினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றுவது சேஃப்டி வால்வு. எங்கள் பாய்லரில் அதன் செட் பிரஷர், அதாவது அது திறக்க வேண்டிய அழுத்தம், சதுர செ.மீ.க்கு 10.5 கிலோ. 9 கிலோவிலேயே ஆவி கசிந்தது. கழற்றி டெஸ்ட் பெஞ்சில் (சோதனை மேசையில்) வைத்துச் சோதித்தால் சொட்டுகூட இல்லை. சீட்டை (டிஸ்க் என்னும் மூடி படியும் பரப்பு) இரண்டு முறை லேப்பிங் செய்தோம் (தேய்த்துச் சமப்படுத்தினோம்), டிஸ்க்கை மாற்றினோம். நான்கு நாள் வீண்.

ஐந்தாம் நாள், பாய்லர் ஆறியபின் கழற்றும்போதுதான் கவனித்தேன். அவுட்லெட் ஃபிளாஞ்சின் கடைசி போல்ட்டை உருவியதும், ஆவியை வெளியே கொண்டுபோகும் டிஸ்சார்ஜ் பைப் ஒரு விரற்கடை விலகி நின்றது! கூரைக்கு மேலே போகும் பைப்பின் பாரம் முழுக்க வால்வின் கழுத்தில். சூட்டில் பைப் நீளும்போது பாடி கோணி, சீட் சரியாகப் படியவில்லை.

பைப்புக்குத் தனி சப்போர்ட் கொடுத்தோம். வால்வின் எல்போவில் டிரிப் பேன் (சொட்டும் நீரைப் பிடிக்கும் தட்டு) வைத்து, பைப் அதைத் தொடாதபடி இடைவெளி விட்டோம். வடிகால் குழாயில் அடைப்பான் எதுவும் வைக்கவில்லை. அன்றே கசிவு நின்றது, நிம்மதி.