துருவேறிய ஃப்ரிட்ஜுக்குப் புது பெயின்ட்: என் அனுபவம்

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்பதால் எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் அடிப்பகுதி துருவேறி உப்பியிருந்தது. குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. நன்றாக ஓடும் பொருளைப் பழைய இரும்புக்குப் போட மனம் வராமல் நானே பெயின்ட் அடித்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். இதில் அவசரமே கூடாது. பிசுக்கின் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. துருப்பிடித்த இடத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். மற்ற இடங்களில் பளபளப்பு மங்கினால் போதும், 320 நம்பர் சரியாக இருக்கும். பல ஃப்ரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள்ளேயே கேஸ் குழாய் ஓடுகிறது. அங்கே உளி, டிரில் எதுவும் வைக்காதீர்கள்.

தகடு தெரிந்த இடத்தில் உடனே ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் சிவப்பு அடிப்பூச்சு) பூச வேண்டும், தாமதித்தால் மறுபடி துரு வரும். மறுநாள் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, வெள்ளை எனாமல் பெயின்டில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து சின்ன ஃபோம் ரோலரால் மெல்லிசாக அடித்தேன். முதல் பூச்சில் அடியிலுள்ள சிவப்பு தெரியத்தான் செய்யும். ஒரே பூச்சில் மறைக்கப் பார்த்தால் பெயின்ட் வழிந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவு காய விட வேண்டும். கதவு ரப்பரிலும் பின்பக்கக் கம்பிக்குழாயிலும் பெயின்ட் படக் கூடாது. உள்பக்கம் சாப்பாடு வைக்கும் இடம், அதைத் தொடவே வேண்டாம்.

மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஈரக்காற்றில் எனாமல் மங்கிப் போகும். தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் நன்றாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கதவில் காந்தப் பொம்மைகளை ஒட்ட வேண்டாம்.