எடை குறைய வேண்டுமா, அரிசி களையும்போதே முடிவெடுங்கள்

எடை குறைக்கப் போகிறேன் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். ஓட்ஸ், கிரீன் டீ, சியா விதை, தேன் என்று பை நிறைய வாங்கி வந்து, கொஞ்ச நாள் அதையே சாப்பிட்டுச் சலித்துப்போய், ஒரு கல்யாணமோ பண்டிகையோ வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். சாம்பார், ரசம், பொரியல் என்று வழக்கமாகச் சமைக்கிற வீட்டிலேயே எடை குறையும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பசியோடு தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு யோசிக்காமல், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் கணக்கு. உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500, அதாவது அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்துக்கு அரை கிலோ என்ற வேகத்தைத்தான் பாதுகாப்பானது என்கிறது. பத்து நாளில் ஐந்து கிலோ என்று யாராவது சொன்னால் அதில் பெரும்பகுதி தண்ணீர். சாதத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் அதோடு சேர்ந்திருக்கும் நீரும்தான் முதலில் போகும், பழையபடி சாப்பிட ஆரம்பித்த சில நாளில் அது அப்படியே திரும்பி வந்துவிடும். சரி, நமக்கு வேண்டிய அந்த 500 கலோரி எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் சோற்றில். வெந்த சாதம் நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி. சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என்று சாப்பிடுபவர் தட்டில் 400 கிராம் சாதம் சாதாரணமாக விழும், அதுவே 500 கலோரிக்கு மேல். சமையலறைத் தராசு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்து ஒரே ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு என்பதால் இதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தராசே வேண்டாம், கரண்டியை எண்ணினால் போதும். அரிசியாகச் சொன்னால், ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 70 கிராம் களைந்து போட்டால் வெந்தபின் 200 கிராம் வரும். குக்கரில் அந்த அளவுதான் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வியே எழாது. நிறைய வடித்து வைத்துவிட்டுக் குறைவாகச் சாப்பிட முயல்வது ரொம்பக் கஷ்டம், அந்த மன உறுதியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

மூன்று சுற்றை விட மனமில்லையா, விட வேண்டாம். சாம்பாருக்கு மட்டும் சாதம் வைத்துக்கொள்ளுங்கள், ரசத்தை டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடியுங்கள், மோரையும் அப்படியே உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுக் குடித்துவிடுங்கள். சாப்பிட்ட திருப்தி அப்படியே இருக்கும், சாதம் பாதியாகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதத்துக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகு, தினை, சாமை என்று மாறினால் தானாக எடை குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவாக இருந்தாலும் சமைப்பதற்கு முன் நூறு கிராம் எடைக்கு ஏறத்தாழ 320 முதல் 360 கலோரிதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அதெல்லாம் உண்மை, ஆனால் தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் அது பொங்கல்தான். அதே மாதிரிதான் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம். வெள்ளைச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

சாதம் குறைந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்கே பசி பிய்த்து எடுக்கும். அங்கே காய் வர வேண்டும். தட்டில் பாதி காய், ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்கிற காய் கணக்கில் வராது. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், வெண்டை, கீரை எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், விலையும் கட்டுப்படியாகும். உருளைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் நான்கையும் காய் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சாதத்தின் கணக்கு. காலையில் நறுக்க நேரமில்லை என்பதால்தான் பல வீடுகளில் காய் சுருங்கிப்போகிறது, அதனால் ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாப்பிடும்போது காயில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள்.

அடுத்தது புரதம். நம் சாப்பாட்டில் ரொம்பக் குறைவாக இருப்பது இதுதான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, 65 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 54 கிராம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நாலு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டு நீர்க்கக் கரைத்த சாம்பாரில் ஆளுக்கு எவ்வளவு வரும்? எடை குறைக்கும்போது புரதம் போதவில்லை என்றால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும், எப்போதும் அசதியாக இருக்கும். முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் நூறு கிராமில் சுமார் 20 கிராம் (வறுவலைவிடக் குழம்பு மீன் நல்லது), மீல்மேக்கர் காய்ந்த எடையில் 30 கிராம் போட்டால் 15 கிராம், கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் 10 கிராம். பருப்பைக் கெட்டியான கூட்டாகவோ மசியலாகவோ செய்தால் சாம்பாரைவிட நிறையக் கிடைக்கும். மூன்று வேளையில் எந்த வேளையும் இதில் ஒன்று இல்லாமல் போக வேண்டாம், குறிப்பாகக் காலை டிபனில்.

இனி எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, அது நல்லெண்ணெயோ செக்கு எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ, எல்லாம் ஒன்றுதான். ஒரு இட்லி சுமார் 50 கலோரி. இட்லிப்பொடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் குழைத்துக்கொண்டால் நீங்கள் இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்ட மாதிரி. தினமும் ஸ்பூனால் அளந்துகொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. எண்ணெய் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் ஊற்றும் அன்று, டப்பா மேல் மார்க்கரால் தேதியை எழுதிவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு நாலு லிட்டர் ஓடுகிறது என்றால் ஆளுக்கு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் போகிறது. அதை இரண்டு லிட்டராக்கினால், வேறு எதையும் தொடாமலே ஆளுக்கு நாளைக்கு 130 கலோரிக்கு மேல் குறைந்துவிடும், அதுவும் வீட்டில் எல்லோருக்கும். ஒரு லிட்டர் பதினைந்து நாள் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்தாம் நாளே டப்பா காலியாகும்போது தெரிந்துவிடும்.

எப்படிக் குறைப்பது? பழக்கப்பட்ட இரும்புக் கல்லில் தோசைக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும், சுற்றிலும் ஊற்ற வேண்டாம். பொரியலுக்கு ஒரு ஸ்பூனில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, காயைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து ஈரம் வற்றும்வரை கிளறுங்கள், கல்யாண வீட்டுப் பொரியல் மாதிரி மினுங்காது, ஆனால் ருசியில் குறை இருக்காது. தேங்காயும் கவனம். துருவல் நூறு கிராம் 350 கலோரி, தினமும் தேங்காய்ச் சட்னி என்றால் பாதித் தேங்காய்க்குப் பதில் தக்காளியோ புதினாவோ சேர்த்து அரையுங்கள்.

டீ, காபி விஷயத்தில் பலரும் கணக்கே வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். கடையில் சொல்லும்போதே “அண்ணே, சர்க்கரை கம்மியா” என்று சொல்லிவிடுங்கள், போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. டீயை விட ஆபத்து அதோடு வரும் வடை. ஒரு மெதுவடை 100 முதல் 150 கலோரி, அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ அவ்வளவுதான். நடையை விடாதீர்கள், மனசுக்கும் சர்க்கரைக்கும் அது ரொம்ப நல்லது, ஆனால் நடந்துவிட்டு வந்தேன் என்று வடை சாப்பிடக் கூடாது.

சாயந்திரப் பசி உண்மையான பசி, அதை அடக்கப் பார்க்காதீர்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு கைப்பிடி பயறோ கடலையோ ஊறப்போட்டால் மறுநாள் நாலு மணிக்குச் சுண்டல் தயார். வெளியில் இருப்பவர்கள் பையில் பொட்டுக்கடலையும் ஒரு கொய்யாவும் வைத்துக்கொள்ளலாம். மிக்சர், முறுக்கு வீட்டில் இருந்தே தீரும் என்றால் சின்னக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். டிவி முன்னால் டப்பாவோடு உட்கார்ந்தால் நூறு கிராம் போவது தெரியாது, அது 500 கலோரி. சாயந்திரம் சுண்டலோ பொட்டுக்கடலையோ சாப்பிட்டுவிட்டால் ராத்திரி நாலு தோசை கேட்காது, இரண்டோடு எழுந்துவிடலாம்.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் கரண்டி சாதம், வீணாகிவிடுமே என்று வாயில் போட்டுக்கொள்கிற எல்லாமே சாப்பாடுதான். கடைசி ஆளாக உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, உங்கள் பங்குப் பருப்பையும் காயையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சிய சாதத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் பழையசோறு, ஒருவருடைய டிபன் வேலை முடிந்தது.

பந்தியில் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா” என்பவர்களிடம் டயட் என்று சொன்னால் விட மாட்டார்கள், அன்பில்தான் கேட்கிறார்கள். இலையில் கூட்டும் பொரியலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள், பரிமாறுபவருக்கும் சந்தோஷம், சாதத்துக்குக் கையை நீட்டி மறைத்துவிடலாம். பிடித்த இனிப்பு ஒன்றை ரசித்துச் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான அளவுக்குத் திரும்பினால் போதும்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் சாதத்தைக் குறைக்கவே கூடாது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கணக்கில் சேரவே மாட்டார்கள்.

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள் போதும், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில். முதல் நாள் ராத்திரி பிரியாணியோ கருவாட்டுக் குழம்போ சாப்பிட்டிருந்தால் உப்பினால் நீர் தங்கி ஒரு கிலோ கூடக் காட்டும், மாதவிடாய் சமயத்திலும் அப்படித்தான், பயப்படாதீர்கள். டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை, எடை அசையாத வாரங்களில்கூட இது இறங்குவதுண்டு. இரண்டும் ஒரு மாதமாக அசையவில்லை என்றால் சாதத்தை இன்னும் வெட்டுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஆறு நாள் ஒழுங்காக இருந்து சேர்த்ததை ஒரு மதியப் பிரியாணியும், ராத்திரி பரோட்டா சால்னாவும், நடுவில் ஒரு ஐஸ்கிரீமும் சேர்ந்து பெருமளவு தின்றுவிடும். அதில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு மாதம் பாருங்கள்.